மனச்சோர்வு கொள்கைச் சோர்வு அல்ல

பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16ஆம் ஆண்டில் பன்னிரண்டு மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வை நடத்தியது. இந்தியாவில் வயது வந்தோரில் இருபது பேருக்கு ஒருவர் தம் வாழ்நாளின் ஏதேனும் ஒரு கட்டத்தில் மனச்சோர்வு நோய்க்கு ஆளாகிறார் என்று அது கண்டது. அதே ஆய்வு தந்த மற்றொரு கணக்கு இன்னும் கடுமையானது. இந்நோய் கண்டவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 85 பேர் எந்தச் சிகிச்சையும் பெறவில்லை. காசநோய் விஷயத்தில் இப்படியொரு நிலை இருந்திருந்தால் மாவட்டத் தலைநகரங்கள்தோறும் நாம் ஆர்ப்பாட்டம் நடத்தியிருப்போம்.

சிகிச்சை கிட்டாமைக்குக் காரணங்கள் உண்டு. அருகில் மருத்துவர் இல்லை. மருத்துவர் இருக்கும் ஊருக்குப் போனால் ஒரு நாள் கூலி போய்விடும். போய் வந்தது தெரிந்தால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற அச்சம் இவற்றோடு சேர்கிறது. முதல் இரண்டைப் பற்றிப் பேச நம் இயக்கத்துக்கு நன்றாகத் தெரியும். மூன்றாவதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. பேசினாலும் அதைப் பிற்போக்குச் சமூகத்தின் அறியாமை என்று வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டுப் பேசுகிறோம். அந்த அச்சம் கட்சி அலுவலகங்களுக்குள்ளும், தொழிற்சங்கக் கூட்டங்களுக்குள்ளும், மாணவர் அமைப்பின் அறைகளுக்குள்ளும் குடியிருக்கிறது. அதைப் பேசியாக வேண்டும்.

முதலில் நோயைப் பற்றிச் சில சொற்கள். துயரம் வேறு, மனச்சோர்வு நோய் வேறு. இரண்டு வாரங்களுக்கு மேல் நாள் முழுவதும் மனம் கனத்திருப்பது, முன்பு விரும்பிச் செய்த எதிலும் நாட்டம் இல்லாமற்போவது, தூக்கமும் பசியும் கெடுவது, ஒரு துண்டறிக்கையைக்கூடப் படித்து முடிக்க இயலாதபடி கவனம் சிதறுவது, எல்லாம் தன்னால்தான் கெட்டது என்ற குற்ற உணர்வு, செத்துப்போனால் என்ன என்ற எண்ணம் ஆகியவை இதன் அடையாளங்கள். ஆனால் யாரும் இந்தப் பட்டியலைச் சொல்லிக்கொண்டு மருத்துவமனைக்கு வருவதில்லை. நாட்டின் பல பகுதிகளில் உழைக்கும் பெண்கள் இதை 'டென்ஷன்' என்கிறார்கள், பலவீனம் என்கிறார்கள். தலை பாரம், உடம்பெல்லாம் வலி, நெஞ்சுப் படபடப்பு என்கிறார்கள். நெஞ்சு கீழே இறங்குகிறது என்று பஞ்சாபியில் ஒரு வழக்கு உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சத்து மாத்திரையும் வலி மாத்திரையும் கொடுத்து அனுப்புகிறார்கள். தனியார் கிளினிக் என்றால் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றுவார்கள். சில மாதம் கழித்து அதே வலியோடு அவர் திரும்பி வருகிறார். ஆண்களில் பலர் இந்த அளவுக்குக்கூட வருவதில்லை. அவர்களுக்கு மதுக்கடை இருக்கிறது.

உள்ளத்து வலிமை என்னும் உபதேசம்

2024 செப்டம்பரில், பன்னாட்டு நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய ஓர் இளம்பெண்ணின் மரணத்துக்கு அளவு கடந்த வேலைப் பளுவே காரணம் என்று அவருடைய தாய் எழுதிய கடிதம் நாடெங்கும் விவாதிக்கப்பட்டது. அந்த நாட்களில் சென்னையில் ஒரு கல்வி நிறுவன விழாவில் பேசிய ஒன்றிய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், அழுத்தத்தைத் தாங்கும் உள்ளத்து வலிமையைக் குடும்பங்கள் பிள்ளைகளுக்குக் கற்றுத்தர வேண்டும் என்றும், அந்த வலிமை தெய்வ நம்பிக்கையால் வரும் என்றும் சொன்னார். இடதுசாரிகள் அதைக் கண்டித்தோம். பன்னிரண்டு மணி நேரம் பிழிந்தெடுக்கும் முதலாளியை விட்டுவிட்டு, பிழியப்பட்டவரின் பக்தியில் குறை காண்பது ஆளும் வர்க்கத்தின் பழைய தந்திரம். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அதே அரசின் 2024-25 பொருளாதார ஆய்வறிக்கை, நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரமும் அதற்கு மேலும் மேசையின் முன் உட்கார்ந்திருப்போரின் மனநலம் கெடுகிறது என்று எழுதியது. ஆய்வறிக்கைக்கு ஒரு நியாயம், அமைச்சரின் மேடைக்கு ஒரு நியாயம்.

கண்டனம் சரி. ஆனால் நம் அணிகளில் அடிக்கடி கேட்கும் ஒரு வாக்கியத்தை அதன் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். "கொள்கைப் பிடிப்பு உள்ளவனுக்கு இதெல்லாம் வராது." தெய்வம் இருந்த இடத்தில் கொள்கை வந்திருக்கிறது, உபதேசம் மாறவில்லை. நோயில் கிடப்பவரின் காதில் இரண்டும் ஒன்றாகவே விழும். உன்னிடம் ஏதோ குறைகிறது, அதனால்தான் விழுந்தாய் என்பதே அதன் பொருள். குற்ற உணர்வே நோயின் ஓர் அறிகுறி என்னும்போது, இப்படிச் சொல்லும் தோழர் தம்மை அறியாமலே நோயின் பக்கம் நின்று பேசுகிறார்.

ஒரு கிளைச் செயலாளரை எடுத்துக்கொள்வோம். பத்தாண்டு காலமாகக் கட்சிப் பணி. மூன்று மாதமாகக் கூட்டத்துக்கு வருவதில்லை. தொலைபேசியை எடுப்பதில்லை. பத்திரிகைச் சந்தா வசூலித்துக் கட்டவில்லை. அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் அவரைப் பற்றி விவாதம் வருகிறது. நமக்குப் பழக்கமான சொற்கள் ஒவ்வொன்றாக வெளிவரும்: தளர்வு, ஊசலாட்டம், குட்டி முதலாளித்துவ மனப்பான்மை, குடும்பத்தின் இழுப்பு, பொறுப்பின்மை. விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்ப முடிவாகும். புதுப்பித்தல் காலம் வந்தால் பெயர் விடுபடும். இத்தனை சொற்களுக்கு இடமிருந்த விவாதத்தில், தோழருக்கு உடம்புக்கு என்ன, தூங்குகிறாரா, சாப்பிடுகிறாரா என்று கேட்க ஒருவருக்கும் தோன்றியிருக்காது. அவருக்கு மாரடைப்பு வந்திருந்தால் மொத்தக் கமிட்டியும் மருத்துவமனை வாசலில் நின்றிருக்கும்; இரவில் துணைக்கு யார், ரத்தம் கொடுக்க யார் என்று முறை போட்டிருக்கும். அந்த நற்பண்பு நம்மிடம் இருக்கிறது. நோய் நெஞ்சில் இல்லாமல் மனத்தில் வந்தால் மட்டும் அது வழி தவறிவிடுகிறது.

விமர்சனமும் சுயவிமர்சனமும் கம்யூனிஸ்ட் அமைப்பின் உயிர்நாடி. எனினும் இது எந்நேரமும் தன்னைத்தானே குற்றம் சாட்டும் நோய். அதற்கு ஆளான ஒருவரைக் கூட்டத்தின் நடுவில் நிறுத்தி சுயவிமர்சனம் செய்யச் சொன்னால், கேட்டதைவிடப் பத்து மடங்கு அதிகமாகவே ஒப்புக்கொள்வார். கமிட்டி அதை நேர்மை என்று பதிவு செய்யும். முழுநேர ஊழியர்களின் நிலை இன்னும் சிக்கலானது. குறைந்த அலவன்ஸ், ஓயாத பயணம், வேளை தவறிய உணவு, தோல்வியில் முடிந்த போராட்டங்களின் பாரம், வீட்டில் இணையரிடம் கேட்க வேண்டிய வசவு, எல்லாம் உண்டு. மக்களின் துயரத்தைக் கேட்பதே அவர்களுடைய வேலை. தம் துயரத்தைச் சொல்ல அவர்களுக்கு இடமில்லை. பெண் தோழர்களுக்கு இன்னொரு சுமையும் உண்டு. தூக்கமில்லை, அழுகை வருகிறது என்று ஒரு பெண் தோழர் சொன்னால், அடுத்த பொறுப்புக்குப் பெயர் வரும்போது "அவருக்கு இதெல்லாம் தாங்காது" என்ற பேச்சு முளைக்கும். பிறகு அவர் ஏன் சொல்லப் போகிறார்?

சமூகக் காரணமும் தனி ஒருவரின் சிகிச்சையும்

இதற்கு எதிராக ஒரு வலுவான வாதம் உண்டு. அதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. வறுமை, கடன், சாதி ஒடுக்குமுறை, வேலையின்மை ஆகியவை தரும் துயரத்தை நோய் என்று பெயரிட்டு மாத்திரை கொடுத்தால், சமூகத்தின் குற்றம் தனி மனிதரின் மூளைக் கோளாறாக மாற்றப்பட்டுவிடாதா? மாற்றப்படுகிறது என்பதே உண்மை. ரோஹித் வெமுலா 2016 ஜனவரியில் மறைந்தபோது, விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டதையும் உதவித்தொகை நின்றதையும் மறைத்து, அதைத் தனிப்பட்ட மனவேதனையாகச் சுருக்க அதிகாரத்தில் இருந்தோர் முயன்றார்கள். அது நிறுவனப் படுகொலை என்று மாணவர் இயக்கம் முழங்கியது சரியே. ராஜஸ்தானின் கோட்டா நகரில் பயிற்சி மையங்களின் மாணவர்கள் அடுத்தடுத்து இறந்தபோது, 2023 ஆகஸ்டில் மாவட்ட நிர்வாகம் விடுதி அறைகளின் மின்விசிறிகளில் ஸ்பிரிங் பொருத்த ஆணையிட்டது. அதனால் ஓர் உயிர் பிழைத்தால் நல்லதே. ஆனால் பதினாறு வயதுப் பிள்ளைகளைப் போட்டியில் அரைக்கும் கோடிக்கணக்கான ரூபாய் வியாபாரத்தின் மீது கைவைக்காமல் விசிறியின் மீது மட்டும் கைவைப்பதைக் கொள்கை என்று அழைக்க முடியாது. தேசிய குற்றப் பதிவுகள் ஆணையத்தின் 2021ஆம் ஆண்டுக் கணக்கில் 1,64,033 தற்கொலைகள் பதிவாகின. அவர்களில் நான்கில் ஒருவர் தினக்கூலித் தொழிலாளி. மனநல ஆலோசனை மட்டுமே இதற்கு விடை என்று சொல்வோர் கூலியைப் பற்றிப் பேச விரும்பாதவர்கள்.

ஆக, காரணம் சமூகத்தில் இருக்கிறது. ஆனால் காரணம் சமூகத்தில் இருப்பதால் சிகிச்சை தேவையில்லை என்று ஆகிவிடாது. சிலிக்கா தூசியால் நுரையீரல் கெட்ட கல்குவாரித் தொழிலாளியிடம், சுரண்டல் ஒழியும் வரை இருமிக்கொண்டிரு என்று நாம் சொல்வதில்லை. மருத்துவமும் வேண்டும், இழப்பீடும் வேண்டும், குவாரி முதலாளி மீது வழக்கும் வேண்டும் என்கிறோம். மனத்துக்கு வந்த நோய்க்கு மட்டும் புரட்சி வரை காத்திருக்கும்படி சொல்வதில் என்ன தர்க்கம் இருக்கிறது? வளாகத்தில் நீதி கேட்டு முழக்கமிடும் மாணவர்களிடையே, மூன்று வாரமாகத் தூங்காத ஒருவர் நிற்கலாம். முழக்கம் அவருக்குத் தேவை. மருத்துவரும் தேவை.

நம் மரபில் இதற்கு முன்னோடிகள் இல்லாமல் இல்லை. 1846இல் இளம் மார்க்ஸ், பாரிஸ் காவல்துறையின் ஆவணக் காப்பாளராக இருந்த ழாக் பூஷேயின் நினைவுக் குறிப்புகளிலிருந்து தற்கொலை பற்றிய பகுதிகளைத் தேர்ந்து மொழிபெயர்த்து, தம் கருத்துகளைச் சேர்த்து வெளியிட்டார். அவர் எடுத்துக்கொண்டவற்றில் பெரும்பாலானவை பட்டினியால் இறந்த தொழிலாளிகளின் கதைகள் அல்ல. குடும்பத்துக்குள் தந்தையாலும் கணவனாலும் நசுக்கப்பட்ட பெண்களின் கதைகள். தனிவாழ்வின் துயரம் அரசியலுக்கு வெளியே நிற்பது என்று அவர் கருதவில்லை. பிரான்ஸ் ஃபனான் 1953 முதல் 1956 வரை அல்ஜீரியாவின் பிளிதா மனநல மருத்துவமனையில் பணியாற்றினார். காலனி ஆட்சியின் கீழ் அப்பணியைத் தொடர முடியாது என்று பதவி விலகி விடுதலை முன்னணியோடு இணைந்தார். 1961இல் வெளியான அவருடைய கடைசி நூலில், காலனியப் போர் உண்டாக்கிய மனநோய்களுக்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. அதில் அவர் பதிவு செய்த நோயாளிகளில் விடுதலைப் போராளிகளும் அடக்கம். களத்தில் நின்றவர்கள், நோக்கத்தில் தெளிவு உள்ளவர்கள், எனினும் மனம் உடைந்தவர்கள். உங்கள் வர்க்க உணர்வு எங்கே போயிற்று என்று ஃபனான் அவர்களைக் கேட்கவில்லை. அவர்களுக்குச் சிகிச்சை அளித்தார்.

சட்டத்தில் இருப்பதும் தரையில் இருப்பதும்

2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டனர். அது தமிழகத்தின் வெட்கம் மட்டுமல்ல. உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டதால், நாடு முழுவதும் மனநோயாளிகள் எப்படி அடைக்கப்பட்டிருக்கிறார்கள் என்ற கேள்வி எழுந்தது. ஆண்டுகள் பல கடந்து 2017இல் மனநலப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறி, 2018 மே 29 முதல் நடைமுறைக்கு வந்தது. அரசு நடத்தும் அல்லது அரசு நிதி பெறும் நிலையங்களில் மனநலச் சிகிச்சை பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்று அதன் 18ஆவது பிரிவு கூறுகிறது. உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு தர வேண்டும் என்பதும் சட்டமே. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதப்பட வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது 115ஆவது பிரிவு.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா, தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309ஆவது பிரிவை விட்டுவிட்டது. ஆனால் 226ஆவது பிரிவு என்ற ஒன்றைப் புதிதாகச் சேர்த்தது. பொது ஊழியரைக் கட்டாயப்படுத்தவோ அவருடைய கடமையைத் தடுக்கவோ தற்கொலைக்கு முயன்றால் ஓராண்டு வரை சிறை. மாவட்ட ஆட்சியர் அலுவலக வாசலில் நம்பிக்கை இழந்து நிற்கும் விவசாயி நோயாளியா, குற்றவாளியா என்பதைக் காவல்துறை முடிவு செய்யும். உண்ணாவிரதப் போராட்டங்களின் மீதும் இப்பிரிவு பாயலாம் என்ற அச்சத்துக்கு இடமிருக்கிறது. நம் வழக்கறிஞர் தோழர்கள் இதன்மீது இன்னும் போதிய கவனம் செலுத்தவில்லை.

தரையில் உள்ள நிலை என்ன? தேசிய மனநலத் திட்டம் 1982இல் தொடங்கியது. கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டத்தில் சோதித்துப் பார்த்த முறையைக் கொண்டு 1996இல் மாவட்ட மனநலத் திட்டம் வந்தது. இத்தனை ஆண்டுக்குப் பின்னும் ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு மனநல மருத்துவர்கூட நாட்டில் இல்லை. ஒன்றிய சுகாதார பட்ஜெட்டில் மனநலத்துக்கு ஒதுக்குவது சுமார் ஒரு சதவீதம். அதிலும் பெரும்பகுதி நிம்ஹான்ஸுக்குப் போகிறது. நிம்ஹான்ஸுக்குக் கொடுப்பது வீணல்ல. ஆனால் ஒடிசாவின் மலை மாவட்டத்து ஆதிவாசிப் பெண் பெங்களூருவுக்கு வரப்போவதில்லை. 2022 அக்டோபர் 10 அன்று டெலி மானஸ் என்ற தொலைபேசிச் சேவை தொடங்கப்பட்டது. 14416 என்ற எண்ணை யாரும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். பயனுள்ள சேவைதான், பயன்படுத்துவோம். அழைத்தவருக்கு அடுத்த கட்டமாக நேரில் பார்க்க ஒரு மருத்துவர் அவருடைய தாலுகாவில் இருக்க வேண்டுமே என்பதுதான் கேள்வி.

இவ்வளவு குறைந்த மருத்துவர்களை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும் என்று கேட்போருக்குக் கோவாவில் ஒரு பதில் இருக்கிறது. அங்கே மனநல மருத்துவர் விக்ரம் படேலும் சங்கத் என்ற அமைப்பும் ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஒரு சோதனை நடத்தினர். மருத்துவப் பட்டம் இல்லாத சாதாரண ஆட்களுக்குப் பயிற்சி அளித்து, மனச்சோர்வு உள்ளவர்களைச் சில அமர்வுகளில் சந்தித்துப் பேசச் செய்தனர். படுத்துக் கிடப்பவரைச் சிறு சிறு வேலைகளின் வழியே மீண்டும் அன்றாட வாழ்வுக்குக் கொண்டுவருவதே அந்த முறையின் அடிப்படை. வழக்கமான கவனிப்பை மட்டும் பெற்றவர்களைவிட இவர்கள் அதிகம் குணமடைந்தனர் என்ற முடிவு லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. அக்கறையோடு கேட்கப் பயின்ற ஒருவர், உறுதியான மேற்பார்வை, தேவைப்படும்போது அனுப்ப ஒரு மருத்துவர் ஆகிய மூன்றும் இருந்தால் பெரும்பாலோருக்கு உதவ முடியும்.

உடனே அரசின் கண் ஆஷா ஊழியர்கள் மீது விழும். நாடு முழுவதும் சுமார் பத்து லட்சம் ஆஷாக்கள் இருக்கிறார்கள். அவர்களைத் தொழிலாளி என்று ஏற்காமல் தன்னார்வலர் என்று பெயரிட்டு, ஊதியத்துக்குப் பதில் ஊக்கத்தொகை கொடுத்து, ஆண்டுக்கு ஒரு புதுப் பதிவேட்டைத் தலையில் ஏற்றுவது வழக்கமாகிவிட்டது. மனநலப் பணியையும் அப்படியே அவர்கள் தலையில் கட்டினால், அடுத்த நோயாளி அவர்களாகவே இருப்பார்கள். மனநலத்துக்கென்று தனிப் பணியிடங்கள், நிரந்தர ஊதியம், துணை சுகாதார நிலையம் வரை மருந்து இருப்பு, இஎஸ்ஐ மருந்தகங்களில் வாரம் ஒரு நாளேனும் மனநல மருத்துவர், மனநோய்க்கான மருத்துவ விடுப்பைக் காட்டி ஆட்குறைப்பு செய்யத் தடை ஆகியவை நம் தொழிற்சங்கக் கோரிக்கைச் சாசனங்களில் கூலிக்கு அடுத்தபடியாக இடம் பெற வேண்டியவை.

கிளை செய்யக்கூடியது

கோரிக்கை வெல்லும்வரை கிளைகள் சும்மா இருக்க வேண்டியதில்லை. வராத தோழரிடம் கடிதம் போவதற்கு முன் ஒருவர் நேரில் போகட்டும். அவருக்கு நெருக்கமானவர், கமிட்டியின் பிரதிநிதியாக அல்ல. கூட்டத்தைப் பற்றிப் பேசாமல் தூக்கத்தைப் பற்றிக் கேட்கட்டும். சாகும் எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது என்பது மருத்துவர்கள் நன்கு அறிந்த உண்மை. கேட்டவரிடம் சொல்லிவிட்டால் பலருக்குப் பாரம் குறைகிறது. ஆம் என்று பதில் வந்தால் அவரைத் தனியே விடாமல், அன்றே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிச் செல்ல வேண்டும். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் அரசு மருத்துவக் கல்லூரியிலும் மனநலப் பிரிவு எந்த நாட்களில், எந்த நேரத்தில் இயங்குகிறது என்பதைக் கிளைச் செயலாளர் குறித்து வைத்திருப்பது நல்லது. முதல் முறை துணைக்கு ஒருவர் போனால் பாதித் தயக்கம் போய்விடும்.

மருந்து பற்றிய தவறான கருத்துகள் நம்மிடையே நிறைய. நோய் லேசாக இருந்தால் பேச்சுவழிச் சிகிச்சையே போதுமானதாக இருக்கலாம். மருந்து தேவைப்பட்டால், ஃப்ளூஆக்ஸெடின் போன்றவை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள, விலை குறைந்த மருந்துகள். மதுவைப் போல அவை வெறியூட்டுவதில்லை, மேலும் மேலும் கேட்க வைப்பதுமில்லை. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும் என்பதைப் பலருக்கு யாரும் சொல்வதில்லை. ஒரு வாரம் சாப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பயனில்லை என்று தூக்கியெறிகிறார்கள். சற்று தேறியதும் நிறுத்துவோரும் உண்டு. குணம் தெரிந்த பின்னும் பல மாதம் தொடர வேண்டும், மருத்துவர் சொல்லிப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். இரவு நேரக் கூட்டங்கள் சிகிச்சையில் இருப்பவரின் தூக்கத்தைக் கெடுக்கும் என்றால் அவருக்கு மட்டும் விலக்கு அளிப்பதில் அமைப்புக் கோட்பாடு எதுவும் தகர்ந்துவிடாது.

சிகிச்சை பெறும் தோழரைப் பொறுப்பிலிருந்து விடுவிக்க வேண்டுமா என்பதில் ஒரே விதி கூடாது. சிலருக்கு ஓய்வு தேவை. சிலருக்குச் சிறிய பொறுப்பு ஒன்று கையில் இருப்பதே பிடிமானம். அவரைக் கேட்டு முடிவு செய்யலாம். அவர் சொன்னதைக் கமிட்டியின் குறிப்பேட்டில் எழுத வேண்டியதில்லை. தேநீர்க் கடையில் பேசவும் வேண்டியதில்லை. குணமாகி வந்தபின் "பழையபடி ஆகிவிடுமோ" என்று சந்தேகத்தோடு பார்க்காமல் இருப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதிதான்.

முழுநேர ஊழியர்களின் மருத்துவச் செலவுக்கு மாவட்டக் குழுக்கள் பணம் ஒதுக்குவது வழக்கம். இதய நோய்க்கும் சர்க்கரைக்கும் கொடுத்த சீட்டுகள் உள்ள அதே கோப்பில் மனநல மருத்துவர் எழுதிய சீட்டையும் ஏற்பதாக ஒரு வரித் தீர்மானம் போதும். அடுத்த மாவட்டக் குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில், நிதி அறிக்கையின் கீழ் அதைச் சேர்க்கலாம்.